யாருக்கு இருட்டு?

சமையலறையில் மூன்று பேர் இருந்தும் பேச்செல்லாம் ஒரே ஆள் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, எனக்கு ஒரு ரொட்டி போதும்னு சொல்லிடு."

"யார்கிட்ட?"

"யார் தட்டுல வெக்கிறாங்களோ அவங்ககிட்ட."

அண்ணன் மனைவி பக்கம் திரும்பினான். "அவளுக்கு ஒண்ணு போதுமாம்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. முக்கியமான நாளும் அதுவுமா அரை வயித்தோட போக வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏம்மா, அரை வயித்தோட..."

"எனக்கும் கேட்டுது அண்ணா," என்றாள் நாத்தனார்.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டில் மூன்று பேருக்கும் வேலை ஒரே ஆய்வுக்கூடத்தில், பிழைப்பு மட்டும் வேறு வேறு. அண்ணி சுண்டெலிகளின் தூக்கத்தை ஆராய்கிறவள். அண்ணன் அந்துப்பூச்சி வளர்த்து அவற்றின் போக்குவரத்தைப் பார்க்கிறவன். அவனுடைய தங்கை செடிக்காரி. பொழுது சாய்ந்தால் இலையைக் கூப்பிக்கொண்டு, விடிந்தால் விரிக்கிற தூங்குமூஞ்சி மரக் கன்றுகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறாள். காலையில் அவளை எழுப்புவதற்குள் மற்றவர்களுக்குத் தொண்டை கட்டிவிடும் என்பதால் வீட்டில் அவளுக்கும் தூங்குமூஞ்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தத் தூங்குமூஞ்சிதான் இப்போது ஊரையே எழுப்பிவிட்டிருந்தாள்.

கன்றுகளை இருட்டறைக்குள் வைத்துப் பூட்டினால், பழக்க தோஷத்தில் சில நாள் நேரத்துக்கு விரியும், நேரத்துக்கு மூடும். பிறகு ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு முன்னே பின்னே நகர்ந்து, தாளம் தப்பி, ஓய்ந்துவிடும். இத்தனை காலமும் அவள் கண்டது அதுதான். ஆனால் புது அறைக்கு மாற்றிய இந்தக் கன்றுகள் ஓயவில்லை. இருட்டில் சாப்பாட்டுக்கு அவள் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒன்றுபோல, வெளியே விடிந்த பிறகு தினமும் விரிந்தன. புயலடித்த ஒரு நாள் வானம் மூடிக்கொண்டு பொழுது தாமதமாக வெளுத்தது. அன்றைக்கு இவையும் தாமதமாக விரிந்தன. ஜன்னலே இல்லாத அறை. சுவருக்கு அந்தப் பக்கம் விடிவது செடிக்கு எப்படித் தெரியும்?

இதை அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது அண்ணிக்கும் புல்லரிக்கத்தான் செய்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வெளியில சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுத்துப் பாரேன்," என்று சொல்லிவிட்டாள்.

"பொறாமை அண்ணி உங்களுக்கு. எலிக்குத் தாலாட்டுப் பாடுறவங்களுக்கு என் செடியோட அருமை எப்படித் தெரியும்?"

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வாரமாக அண்ணன்தான் தபால்காரன்.

இன்று சாயங்காலம் நிபுணர் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி என்றால் நாத்தனாருக்குச் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம். இல்லை என்றால் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, மூட்டை கட்ட வேண்டியதுதான். பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு அவள் எழுந்ததை அண்ணி பார்த்தாள். ஒரு வார்த்தை தைரியம் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்புகிற வார்த்தை இல்லையே அது என்று விழுங்கிக்கொண்டாள்.

*

ஆய்வுக்கூடத்தின் பழைய பகுதியில் குழாய் வெடித்து நடைபாதை முழுக்கத் தண்ணீர் நின்றதிலிருந்து மூன்று இருட்டறைகளுக்கும் வழி ஒன்றுதான். முதலில் செடியறை. அதைக் கடந்தால் எலியறை. அதையும் கடந்தால் பூச்சியறை. தண்ணீர்க் குழாயோ எலியறையில் மட்டும்தான் உண்டு. கல்யாண வீட்டில் ஒரே குளியலறை இருப்பது போன்ற ஏற்பாடு. அறைக்குள் யாரும் வெள்ளை விளக்கு கொண்டுவரக் கூடாது என்பது மட்டும் ஆரம்பத்திலேயே மூவரும் கைகுலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அண்ணி எலித் தீனியை ஒரு கையிலும் சிவப்பு டார்ச்சை மறு கையிலும் பிடித்துக்கொண்டு செடியறைக்குள் நுழைந்தாள். தரையெங்கும் வயர்கள். தடுக்கி விழாமல் இருக்க ஒவ்வொரு அடியாகத்தான் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தட்டுகளில் கன்றுகள் இலை கூப்பி நின்றன. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை என்று எலி வயிற்றுக்குத் தெரியாது. அதனால் தினமும் இப்படித்தான் கடந்து போவாள். ஒரு நாளும் அந்தக் கன்றுகளை அவள் நின்று பார்த்ததில்லை.

எலியறைக்குள் போய் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அங்கே அவளுக்கு வெளிச்சம் வேண்டாம், கை பழகிய இடம். வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டச் சக்கரம். கும்மிருட்டில் எலிகள் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கிர்ர், கிர்ர் என்று அறை முழுக்க அந்தச் சத்தம். எத்தனை வருஷம் கேட்டாலும் அவளுக்கு அலுக்காத சத்தம்.

அண்ணியிடமும் ஓர் அதிசயம் இருந்தது. முற்பகலில் ஒரு நேரம் எல்லா எலிகளும் ஒன்றாக ஓட்டத்தை நிறுத்தும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கும். இருட்டிலேயே கிடக்கிற எலிகளுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஒற்றுமை? 'காப்பி இடைவேளை' என்று அதற்குச் செல்லமாகப் பெயர் வைத்திருந்தாள். இந்த இடைவேளையை வைத்துத்தான் அடுத்த கட்டுரையே எழுதுவதாக இருந்தாள்.

வழக்கமாகத் தீனி வைத்துவிட்டு அவள் போய்விடுவாள். இடைவேளையை மேஜையில் உட்கார்ந்து, சக்கரங்கள் கணினியில் பதித்த கோடுகளாகத்தான் பார்ப்பது. இன்று ஒரு சக்கரம் இறுகிப்போயிருந்ததால் அதைக் கழற்றிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தாள்.

கதவு திறந்தது. தண்ணீர் பிடிக்க வந்த நாத்தனார் வாளியோடு உள்ளே நுழைந்தாள். அவள் கையில் பச்சை டார்ச்.

கிர்ர் சத்தம் நின்றது.

ஒரு கூண்டில் இல்லை, எல்லாக் கூண்டிலும். ஓடிக்கொண்டிருந்த எலிகள் அத்தனையும் சக்கரத்தை விட்டு இறங்கி, கூண்டு மூலையில் பதுங்கி, அந்தப் பச்சை வெளிச்சத்தையே பார்த்தன. அண்ணியின் காப்பி இடைவேளை கையில் வாளியோடு நடந்து வந்துகொண்டிருந்தது.

"அணை! அந்த விளக்கை அணை!"

நாத்தனார் வாளியைக் கீழே போட்டாள். "ஐயோ! யாரு... அண்ணியா?"

இரண்டு வாரத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்.

"தினமும் இதோடதான் வர்றியா?"

"ஆமா. பச்சை விளக்குதானே? இருட்டு மாதிரிதான் அது."

"யாருக்கு இருட்டு? உன் செடிக்கு இருட்டு. என் எலிக்கு அது பட்டப்பகல்! எத்தனை மாச வேலை தெரியுமா? எல்லாத்துலயும் மண்ணைப் போட்டுட்டியே!"

"எனக்கென்ன தெரியும்? செடிக்காரங்க எல்லாரும் பச்சைதான் வெச்சுக்குவாங்க. செடி பச்சையைக் கண்டுக்காது. இன்னிக்குன்னு பார்த்து என்கிட்ட சண்டைக்கு வரணுமா அண்ணி?" வாளியைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

இருட்டில் ஒவ்வொரு சக்கரமாக மறுபடி ஓட ஆரம்பித்தது. கோபத்தில் அண்ணி கையிலிருந்த சக்கரத்தைத் தரையில் அடித்து வைத்தாள். செடி கண்டுகொள்ளாதாம், அதனால் எல்லாருக்கும் இருட்டாம்! கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? தான் மட்டும் சிவப்பு விளக்கோடுதானே வருகிறோம், சிவப்பு என்றால் எலிக்கு...

எலிக்குத் தெரியாது. சரி. செடிக்கு?

பள்ளிக்கூடத்தில் என்றோ படித்தது, பரீட்சையோடு போனது, இப்போது தானாக மேலே மிதந்து வந்தது. செடிக்கு மிகவும் பிடித்த வெளிச்சமே சிவப்புதான். விடிந்துவிட்டதா என்று செடி தெரிந்துகொள்வதே அதை வைத்துத்தான்.

அண்ணியின் கை பைக்குள் இருந்த டார்ச்சைத் தொட்டது. சூடு பட்டதுபோலக் கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

புயல் நாள். அன்றைக்கு அவளுடைய ஸ்கூட்டர் தண்ணீரில் நின்றுபோய், தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பொழுது ஏறிவிட்டது. எலிகள் பசியோடு இருக்குமே என்று நனைந்த துணியோடு ஓடி வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. செடிகள் தாமதமாக விரிந்தது வானம் மூடியதால் இல்லை. இவள் தாமதமாக வந்ததால்.

*

அண்ணி பூச்சியறையின் கதவைத் தட்டி அண்ணனை வெளிவாசல் வரைக்கும் இழுத்து வந்தாள். தலைமுடியில் ஓர் அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்க, அவன் கண்ணைச் சிமிட்டியபடி முழுக் கதையும் கேட்டான்.

"நீங்க எங்க ரெண்டு பேர் கையிலயும் விளக்கைப் பார்த்திருக்கீங்கதானே?"

"பார்த்திருக்கேன். உன்னுது சிவப்பு, அவளுது பச்சை. ஏதோ ஃபேஷன்னு நெனச்சேன்."

"ஃபேஷனா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இவ சொன்னதை அவகிட்ட, அவ சொன்னதை இவகிட்ட சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?" என்றான் அவன் பரிதாபமாக. "எனக்கு எந்த விளக்கும் கிடையாது. எதைக் கொண்டுபோனாலும் பூச்சி மேல வந்து விழும். முட்டிதான் எனக்கு டார்ச்."

அவனுடைய முழங்கால் தழும்புகள் அதற்குச் சாட்சி. வேறு நாளாக இருந்தால் அண்ணி சிரித்திருப்பாள்.

"அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? நான்தான் கெடுத்தேன்னு சொன்னாலும், இன்னிக்குக் கெடுக்கறதுக்குன்னே வந்தேன்னுதானே நினைப்பா?"

அண்ணன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, "குழு வந்துட்டுப் போகட்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம். அவளுக்கு இடம் கெடைச்சதுக்கு அப்புறம் எல்லாரும் உக்காந்து சரி பண்ணிக்கலாமே," என்றான்.

தங்கை மேல் உள்ள பாசத்தில் சொல்கிறான் என்று புரிந்தது. அண்ணிக்கும் அந்த யோசனை இனித்தது என்பதை மறைப்பானேன்? பேசாமல் இருந்தால் நாத்தனார் இங்கேயே இருப்பாள். பேசினால், மாதக் கடைசியில் அவளுடைய அறை காலியாகும், காலையில் தொண்டை கட்டக் கத்துவதற்கு ஆளிருக்காது. பொறாமை பிடித்த அண்ணி என்ற பட்டமும் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

எலியறைக் கதவுக்குப் பின்னால் சக்கரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சொன்னா அவ பொய் சொன்னவளாயிடுவா," என்றாள் அண்ணி. "இன்னிக்குச் சொன்னா தப்புப் பண்ணவ. அவ்வளவுதான். நான் போறேன்."

*

நாத்தனார் வெளி அறை மேஜையில் கண்ணாடி இல்லாத சுவரைப் பார்த்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. சிவப்பு டார்ச்சை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"தினமும் காலையில இதோடதான் உன் அறையைத் தாண்டிப் போறேன்."

நாத்தனார் டார்ச்சைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். செடிக்காரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேணும்னே சொல்றீங்க."

"புயல் அன்னிக்கு ஸ்கூட்டர் நின்னு போச்சு. நான் வந்ததே லேட்டு. உங்க அண்ணனைக் கேளு."

"சும்மா சொல்றீங்க. அந்தச் சின்ன விளக்கு, நடந்து போற நேரம், அதுக்கா அத்தனை கன்னும்..." பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அண்ணி, அந்தத் தூணுக்குப் பின்னால கீழ்த் தட்டுல நான் ஒதுக்கி வெச்ச கன்னு இருக்கே, அதுங்க மேல உங்க விளக்கு படுமா?"

"படாது. தூண் மறைக்கும். அந்தப் பக்கம் நான் போறதே இல்லை."

"அதுங்க மட்டும்தான் ஓய்ஞ்சு போச்சு. மந்தம், விதை சரியில்லைன்னு ஒதுக்கி வெச்சேன்." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "மந்தமே இல்லை அதுங்க. அதுங்களுக்கு யாரும் விளக்குக் காட்டலை, அவ்வளவுதான்."

அழுவாள் என்று அண்ணி நினைத்தாள். அழவில்லை. எழுந்து டார்ச்சை எடுத்து அண்ணியின் கையில் திணித்தாள்.

"போங்க. அந்தத் தட்டுக்கு முன்னால நடங்க. எப்பவும் எப்படி நடப்பீங்களோ அப்படியே."

அண்ணி நடந்தாள். இந்தக் காலுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று அவள் கண்டாளா? தூணைச் சுற்றி, ஒதுக்கப்பட்ட கன்றுகளின் மேல் சிவப்பு வெளிச்சம் தடவிப் போக, ஒவ்வொரு அடியாக வைத்துக் கடந்து வெளியே வந்தாள். இருவரும் திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்த கேமரா பார்ப்பது அகச்சிவப்பில். செடிக்கும் தெரியாத, எலிக்கும் தெரியாத, மனிதருக்கும் தெரியாத ஒளி அது. வேறு எந்த வெளிச்சமும் அதன் கண்ணில் விழாது. அதனால்தான் இத்தனை நாளும் அண்ணியின் விளக்கு அதில் அகப்படவில்லை. திரையில் எல்லாம் சாம்பல் நிறமாக, அசையாமல் இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அண்ணிக்குக் கால் மரத்துப்போயிற்று. நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். தன் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்றுகூட அண்ணி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள்.

பிறகு ஓரத்துக் கன்றில் ஒரு இலை லேசாக நகர்ந்தது. காம்பின் அடியில் இருக்கும் சின்ன மூட்டு மெல்லத் தளர்ந்தது. கூப்பியிருந்த சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்தன. அதற்குப் பக்கத்துக் கன்று. அதற்கும் அடுத்தது. ஓய்ந்துபோனவை என்று ஒதுக்கிய தட்டு முழுவதும் மெதுவாக, சோம்பல் முறித்துக்கொண்டு, உள்ளங்கைகளை மேலே திருப்பி விரித்தது.

அண்ணிக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. எலித் தீனியைத் தூக்கிக்கொண்டு, வயரைத் திட்டிக்கொண்டு, வீட்டுச் சண்டையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு தினமும் அந்த அறையைக் கடந்திருக்கிறாள். அங்கே இருந்த அத்தனை இலைகளும் அவளைப் பொழுது என்று நம்பியிருக்கின்றன. தூங்கி எழுந்த முகத்தோடு தலைகூட வாராமல் போன நாட்களிலும் அவள் வந்தால் அவற்றுக்கு விடிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய மரியாதை அவளுக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. அதை நினைக்கப் பயமாகவும் இருந்தது.

பின்னால் வந்து நின்ற அண்ணன் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"அப்போ உள்ள இருட்டாவே இல்லையா?"

"நமக்கு இருட்டு," என்றாள் நாத்தனார். "செடிக்கு அண்ணி வந்தா விடியல். எலிக்கு நான் போனா விடியல்."

"என் பூச்சிக்கு?"

"தெரியலைண்ணா. அதுங்களுக்கு நீ எப்படித் தெரியறியோ யாரு கண்டா."

அண்ணன் தன் தலைமுடியில் இருந்த பூச்சியை மெதுவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இத்தனை வருஷம் வளர்த்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

*

குழுவில் மூன்று பேர். தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். மற்ற இருவரும் அவர் தலையாட்டினால் தலையாட்டுகிறவர்கள். நாத்தனார் ஒத்திகை பார்த்த பேச்சு எதையும் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். சுவருக்கு அப்பால் விடிவது செடிக்குத் தெரியும் என்று தான் எழுதி அனுப்பியது தவறு என்றாள். ஓய்ந்துபோன கன்றுகள் விரிந்த படத்தை மட்டும் போட்டுக் காட்டினாள்.

"ஆக, எங்களைக் கூப்பிட்ட விஷயம் இல்லைன்னு ஆயிடுச்சு," என்றார் தலைவி.

"ஆமாங்க."

"உங்க அறைக்குள்ள தினமும் ஒரு ஆள் விளக்கோட நடக்கறது இத்தனை மாசமா உங்களுக்குத் தெரியலையா?"

கடைசி நாற்காலியில் இருந்த அண்ணியால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டாள். "அவ மேல தப்பு இல்லைங்க. நடந்தது நான். என் விளக்கு எதுன்னு நான் அவகிட்ட சொல்லலை."

தலைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க யாரு?"

அண்ணி பதில் சொல்வதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "எங்க அண்ணி. இவங்க வந்து சொல்லலைன்னா உங்க முன்னாடி நான் இப்ப பொய் சொல்லிக்கிட்டு நிப்பேன்."

தலைவி எதையோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்றார்.

"முடிவை இன்னிக்கே எழுதிடுவோம். உண்மையைச் சொன்னதுக்கு மரியாதை உண்டு. ஆனா மரியாதைக்கு ஆய்வுக்கூடம் குடுக்க முடியாது பாருங்க. புதுசா காட்ட ஏதாவது இருந்தா, கார் கிளம்பறதுக்குள்ள சொல்லுங்க."

என்ன இருக்கிறது காட்ட? நாத்தனார் வெளி அறைக்கு வந்து மேஜையை ஒழிக்க ஆரம்பித்தாள். பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டாள். அண்ணிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று திரையில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த தட்டை இத்தனை நாளும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. கேமரா மட்டும் பார்த்து வைத்திருந்தது.

நேற்றுக் காலைப் படம். எல்லாம் கூப்பியபடி. முந்தாநாள். எல்லாம் கூப்பியபடி.

எல்லாம் இல்லை.

சுவரோரத்தில், மற்றவற்றின் நிழலில், விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கன்று. அது மட்டும் விரிந்திருந்தது. அண்ணி படத்தின் நேரத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்திருப்பாள். அதற்கு முந்தைய நாளும் அப்படியே. அதற்கும் முந்தைய நாளும். ஒரு கன்று, யாருடைய விளக்கும் போகாத இடத்தில், ஒவ்வொரு நாளும் வெளியே பொழுது வெளுக்கிற நேரத்தில் இலையை விரித்துக்கொண்டிருந்தது.

"இங்க வா," என்றாள். "இங்க வந்து பாரு."

நாத்தனார் வந்து பார்த்தாள். டப்பா கையிலிருந்து நழுவி, பேனாக்கள் தரையெங்கும் ஓடின. அவள் குனியவில்லை. திரையில் முகம் ஒட்டிவிடும் அளவுக்குக் கிட்டே போனாள்.

"உங்க அண்ணன் ஏதாவது..."

"அவன்கிட்டதான் விளக்கே கிடையாதே."

"அப்போ இதுக்கு யாரு சொன்னா, விடிஞ்சுதுன்னு?"

ஜன்னலுக்கு வெளியே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அண்ணி துள்ளி எழுந்தாள்.

"ஓடு! இன்னும் கிளம்பலை. நீ சொன்னது நிஜம்னு காட்ட இதோ இருக்கு. ஓடு, இல்லேன்னா நான் ஓடறேன்!"

நாத்தனார் அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி."

"பைத்தியமா உனக்கு? உன் வேலை போயிடும்!"

"தெரியும். ஆனா சுவர்ல ஒரு விரிசல் இருக்கலாம். வெந்நீர்க் குழாய் அந்தப் பக்கம் ஓடலாம். நமக்குத் தெரியாத விளக்கு இன்னும் எத்தனை இருக்கோ? காலையில வரைக்கும் அந்த அறை இருட்டுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன் நான். தெரிஞ்சுக்காம இன்னொரு தடவை அவங்க முன்னால போய் நிக்க மாட்டேன்."

"தெரிஞ்சுக்கறதுக்கு இந்த மாசம் போதாதே?"

"போதாது," என்றாள் நாத்தனார். கண்ணீர் தாரையாக ஓடியது, ஆனால் கண் திரையை விட்டு நகரவில்லை. "எவ்வளவு அழகா விரிஞ்சிருக்கு பாருங்க அண்ணி."

வாசலில் கார் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.